காலும் காரும்

மேற்கல்வியின் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்லும் நம் நாட்டு இளைஞர் தொகை பெரிது. 2023-24ஆம் கல்வியாண்டில் அந்நாட்டுக் கல்விக்கூடங்களில் இருந்த இந்திய மாணவர் 3,31,000க்கு மேற்பட்டவர். அயல்நாட்டு மாணவருள் அவ்வாண்டில் முதலிடம் பெற்றவரும் அவரே. நம் கல்லூரியின் பழைய மாணவரும் அத்தொகையுள் அடங்குவர். இவர்கள் புறப்படுமுன் பல்கலைக்கழகத்தின் பெருமை, ஆசிரியரின் புலமை, உதவிச் சம்பளத்தின் அளவு ஆகிய யாவற்றையும் நன்கு ஆராய்கின்றனர். ஆயினும் ஒன்றை ஆராய்வோர் மிகச் சிலர். அஃதாவது, அவ்வூரில் இறங்கியபின் வீட்டினின்று வகுப்புக்கும், வகுப்பினின்று கடைக்கும், நோயுற்றக்கால் மருத்துவரிடத்தும் எவ்வாறு போய்ச் சேர்வது என்பதே.

இதனை வினவுவார்க்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "கார் ஒன்று வாங்கிக்கொள்." பொருளில்லாதவன் என் செய்வான்? கண்பார்வை குறைந்தவன் என் செய்வான்? ஓட்டக் கல்லாதவளும், ஓட்ட விரும்பாதவளும் என் செய்வர்? இவ்வினாக்களுக்கு அவ்விடையில் இடமில்லை. காரோட்டாதார் இயங்கவொண்ணாத ஊர் ஒன்று இருக்குமாயின், குறை அவ்வூரினுடையது, காரோட்டாதாருடையதன்று. இக்கருத்தை நிறுவுவதும், அத்தகைய ஊர்களிற் காரின்றி வாழும் நெறியைக் கூறுவதும் நம் நோக்கமாம்.

முதற்கண் அவ்வூர்களின் அமைப்பை அறிதல் வேண்டும். நியூயார்க், பாஸ்டன், சிகாகோ போன்ற பழைய பெருநகரங்களை விடுத்து, டெக்ஸாஸ், ஜியார்ஜியா, அரிசோனா முதலிய மாகாணங்களின் புறநகர்களை நோக்குவோம். குடியிருப்பு ஓரிடம், கடைகள் மற்றோரிடம், அலுவலகங்கள் வேறோரிடம். இவற்றை இணைப்பது ஆறு வண்டிகள் ஒருங்கே செல்லத்தக்க அகன்ற சாலை. சாலையோரத்தே நடைபாதை சில இடங்களில் உண்டு. சில இடங்களில் அது நடுவழியில் முடிந்துபோம். கடை கண்ணெதிரே தோன்றும். ஆயின் அதற்கும் நமக்கும் இடையே சாலையும், சாலைக்கப்பால் கார்கள் நிற்பதற்கென விடப்பட்ட பரந்த வெளியும் கிடக்கும். சாலையைக் கடக்கும் இடம் அரை மைலுக்கு அப்பால் இருத்தலும் உண்டு. பஸ் மணிக்கொன்றாக வரும் ஊர்கள் பல. ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றும் வாராத ஊர்களும் உள. டெக்ஸாஸ் மாகாணத்து ஆர்லிங்டன் நகரம் ஏறத்தாழ 4,00,000 மக்களையும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தையும் உடையது. பன்னெடுங்காலம் அந்நகரிற் பொதுமக்கள் யாவர்க்குமான பஸ் வழியே இல்லாதிருந்தது. 2013இல் ஒரு வழி ஏற்பட்டது. அதுவும் 2017இல் நின்றது. அதன்பின் அழைத்தால் வந்து ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகளை நகரத்தார் ஏற்படுத்தினர்.

இந்நிலை இயற்கையாய் அமைந்ததென்று எண்ணற்க. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் டிராம் வண்டிகள் ஓடின. இன்று கார்களின் தலைநகரெனப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரமே இதற்குத் தக்க சான்று. பசிபிக் எலெக்ட்ரிக் என்னும் கம்பெனியார் அந்நகரைச் சூழ 1,000 மைலுக்கு மேற்பட்ட இருப்புப்பாதை அமைத்துச் செந்நிற வண்டிகளை ஓட்டினர். அவ்வண்டிகளுள் எஞ்சிநின்ற லாங் பீச் வழி 1961இல் மறைந்தது. நகருள் ஓடிய டிராம்களும் 1963இல் ஒழிந்தன. பின்னர் அந்நகரத்தார் பெரும்பொருள் செலவிட்டு, லாங் பீச்சுக்கே மீண்டும் மின்சார ரயில் விட்டனர். 1990இல் திறக்கப்பட்ட அவ்வழி பெரும்பாலும் பழைய பாதையின் தடத்திலேயே செல்கின்றது. கைப்பொருளைக் கடலில் எறிந்துவிட்டுப் பின் முத்துக்குளிப்பாரைப் போன்றது இது.

டிராம் மறைந்ததற்குக் காரணம் பல. ஹென்றி போர்டு 1908இல் தம் 'டி' மாதிரிக் காரை வெளியிட்டார். தொடக்கத்தில் 850 டாலர் விலைபோன அக்கார், தொழிற்சாலை முறை திருந்தியமையால் 1925க்குள் 300 டாலருக்குங் கீழே இறங்கியது. சாதாரணக் குடும்பத்தாரும் காருடையராயினர். இது மட்டுமாயின் டிராமும் காரும் ஒருங்கே வாழ்ந்திருக்கலாம். ஆனால் சட்டமும் காரின் பக்கம் சாய்ந்தது. குடியிருப்பையும் வாணிகத்தையும் தனித்தனிப் பகுதிகளாக வகுக்க ஊராட்சிக்கு உரிமை உண்டென்று 1926இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு கட்டடத்திற்கும் இத்தனை கார்கள் நிற்க இடம் விடல் வேண்டுமென நகரச் சட்டங்கள் கட்டளையிட்டன. 1947இல் தொடங்கி லாங் தீவில் 17,000க்கு மேற்பட்ட வீடுகளுடன் எழுந்த லெவிட்டவுன், நாடெங்குமுள்ள புறநகர்க்கு மாதிரியாயிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழிகோலியது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை நடுவணரசே ஏற்றது. டிராமுக்கு இத்தகைய கொடை எதுவும் அன்று கிடைத்திலது. ஆகவே, மக்கள் காரை விரும்பினர் என்பது பாதி உண்மை. விரும்பாதார்க்கு வேறு வழி விடப்படவில்லை என்பது மற்றைப் பாதி.

நடப்போன்மீது பழி சுமத்தப்பட்ட வரலாறும் அறியத்தக்கது. முன்னாளில் தெரு யாவர்க்கும் பொதுவாயிருந்தது; சிறுவர் விளையாடினர், பெரியோர் வேண்டிய இடத்திற் கடந்தனர். கார்கள் பெருகியபோது விபத்தும் பெருகிற்று. அக்காலத்தில் கண்ட இடத்திற் சாலை கடப்போரை இகழ்ந்துரைக்க 'ஜே வாக்கர்' என்னும் சொல் பரவியது. 'ஜே' என்பது நகரப் பழக்கம் அறியாத பட்டிக்காட்டானைக் குறிக்கும் வசைச்சொல். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தார் 1925இல் நடப்போரைக் கட்டுப்படுத்த இயற்றிய விதி பிற நகரங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. தெருவுக்கு உரியவனாயிருந்தவன் இவ்வாறு தெருவில் அத்துமீறுவோன் ஆயினான். ஒரு சொல் மனிதனின் நிலையை எத்துணைத் தாழ்த்தவல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

காரோட்டாதார் மிகச் சிலரே என்று கருதுவோரும் உளர். ஏறத்தாழ 33 கோடி மக்கள் வாழும் அந்நாட்டில் ஓட்டும் உரிமம் பெற்றோர் சுமார் 23 கோடியினரே. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினர் சிறுவர், முதியோர், நோயாளர், பார்வை குறைந்தோர், வறியோர், அயலார் ஆகியோர். புகழ்பெற்றோருள்ளும் காரோட்டாதார் இருந்தனர். நியூயார்க் நகரைச் சூழ நெடுஞ்சாலைகளும் பாலங்களும் அமைத்த ராபர்ட் மோஸஸ் என்பார் வாணாள் முழுதும் காரோட்டக் கற்றிலர். அவருக்கென ஓட்டுநர் இருந்தனர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாழ்ந்த கதையாசிரியர் ரே பிராட்பரியும் ஓட்டிலர். அவர் ஓரிரவு அந்நகரில் நடந்து சென்றபோது காவலர் நிறுத்தி விசாரித்தனராம். அந்நிகழ்ச்சியிற் பிறந்ததே, நடந்து செல்வதே குற்றமாகிவிட்ட ஒரு காலத்தைக் காட்டும் அவர்தம் 1951ஆம் ஆண்டுக் கதை. ஓட்டுநரை அமர்த்தும் செல்வமும், காவலர்க்கு விடையிறுக்கும் புகழும் எல்லார்க்கும் வாய்ப்பனவல்ல.

இனி, எதிர்க்கட்சியார் கூற்றையும் நடுநிலையோடு கேட்பாம். அந்நாடு மிகப் பரந்தது. கான்ஸஸ் சமவெளியில் தனித்து வாழும் உழவனுக்குக் கார் அன்றோ உயிர்த்துணை. நள்ளிரவில் வேலை முடிந்து மீள்பவளுக்குப் பஸ் நிலையத்திற் காத்திருத்தலினும் கார் பாதுகாப்பன்றோ என்பர். இவை மறுக்கத்தக்கன அல்ல. காரை ஒழிக்க வேண்டுமென்று நாமும் கூறவில்லை. ஆயினும் அந்நாட்டு மக்களிற் பெரும்பான்மையோர் சமவெளி உழவரல்லர். நகரங்களிலும் புறநகர்களிலும் வாழ்வோரே. அவர்தம் பயணங்களுள் ஏறத்தாழப் பாதி மூன்று மைலுக்கு உட்பட்டவை. மூன்று மைல் என்பது சைக்கிளுக்குக் கால்மணி நேர வழி. இக்குறுந்தூரத்திற்கும் கார் வேண்டியிருப்பது நாட்டின் பரப்பினால் அன்று. சாலையின் அமைப்பினால் என்க. செலவும் எளிதன்று. புதிய கார் ஒன்றை வைத்தாள ஆண்டொன்றுக்கு 11,000 டாலருக்கு மேலாகுமென அந்நாட்டு மோட்டார்ச் சங்கமே அண்மை ஆண்டுகளிற் கணக்கிட்டிருக்கிறது. பழைய கார் விலையிற் குறைந்ததாயினும், காப்புறுதியும் பழுதுபார்ப்பும் மாணவனை விடா.

ஆகவே அங்குச் செல்லும் மாணவர்க்கு நாம் கூறும் முதல் நெறி, வாடகையைப் பாராது வழியைப் பார்க்க என்பதாம். வீடு தேடுமுன் பஸ் அட்டவணையைத் தேடுக. மணிக்கு எத்தனை பஸ், கடைசிப் பஸ் எப்பொழுது, ஞாயிற்றுக்கிழமையில் உண்டோ என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே வீட்டுக்காரரிடம் பேசுக. நூறு டாலர் குறைந்த வாடகைக்கு ஊர்ப்புறத்தே குடியேறி, பின் ஒவ்வொரு நாளும் வாடகைக் காருக்குப் பணம் இறைப்பது சிக்கனமாகாது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் அடையாளச் சீட்டே பஸ் சீட்டாகவும் பயன்படும். அதனைச் சேர்ந்த நாளிலேயே கேட்டறிக. மற்றொன்று: அந்நாட்டில் ஓட்டும் உரிமமே அடையாளச் சீட்டாக எங்கும் கேட்கப்படும். உரிமம் இல்லாதார்க்கென ஒவ்வொரு மாகாணத்தாரும் தனி அடையாளச் சீட்டு வழங்குகின்றனர். அதனைப் பெற்றுக்கொண்டால், சென்ற இடந்தோறும் கடவுச்சீட்டைச் சுமக்க வேண்டா.

இரண்டாவது, சைக்கிளையும் பஸ்ஸையும் இணைத்தல். அந்நாட்டுப் பஸ்களிற் பலவற்றின் முன்புறத்தே இரண்டு மூன்று சைக்கிள்களை ஏற்றும் இரும்புச் சட்டம் உண்டு. வீட்டினின்று பஸ் நிலையம் வரை மிதித்துச் சென்று, சைக்கிளை அச்சட்டத்தில் ஏற்றி, இறங்கிய இடத்தினின்று மீண்டும் மிதித்துச் செல்லலாம். பஸ் வழிக்கு இரண்டு மைல் அப்பாலுள்ள இடமும் இதனால் அணித்தாகும். கடைச் சாமான்களுக்கு இரு சக்கரமுடைய சிறு கைவண்டி போதும். முதியோர் பலர் அதனை இழுத்துச் செல்வதை அங்குக் காணலாம். இதில் நாணத்திற்கு இடமில்லை. நண்பர் காரில் ஏறிச் செல்ல நேரின், எண்ணெய்ச் செலவிற் பங்கு கொடுத்து ஏறுக. பெற்றுக்கொண்டேயிருக்கும் உதவி நட்பைத் தேய்க்கும்.

மூன்றாவது, உயிர் காத்தல். நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்லும். அங்கு வலப்புறம் செல்லும். ஆதலின் சாலை கடக்கும்போது முதலில் வலப்புறம் நோக்கும் நம் பழக்கம் அங்கு ஆபத்தாகும். முதலில் இடப்புறம் நோக்குக. செவ்விளக்கு எரியும்போதும் வண்டிகள் நின்று நோக்கி வலப்புறம் திரும்பலாம் என்னும் விதி அங்குப் பெரும்பாலும் உண்டு. 1975ஆம் ஆண்டின் எரிபொருள் சிக்கனச் சட்டத்தை ஒட்டி அது நாடெங்கும் பரவிற்று. அவ்வாறு திரும்புவோன் வண்டிகள் வரும் திசையையே நோக்குவான். மறுபுறத்தினின்று நடந்து வருவானை நோக்கான். ஆகவே பச்சைவிளக்கை மட்டும் நம்பாது ஓட்டுநர் கண்ணையும் பார்த்துக் கடத்தல் நன்று. நடைபாதையில்லாத சாலையில் வண்டிகளுக்கு எதிர்முகமாக இடப்புறத்தே நடக்க. இரவில் வெண்ணிற ஆடையும் ஒளிகாட்டும் பட்டையும் அணிக. 2022ஆம் ஓராண்டில் மட்டும் அந்நாட்டில் வண்டிகளால் மாண்ட நடப்போர் 7,500க்கு மேற்பட்டவர். இஃது எளிதிற் கடந்து செல்லத்தக்க எண் அன்று.

இவ்வெண்ணை நோக்குங்கால் மற்றோர் உண்மை புலனாகும். தனியொருவனின் எச்சரிக்கை ஓரளவே காக்கும். நடைபாதையில்லாத சாலைக்கு வெண்ணிற ஆடை மருந்தாகாது. காரில்லாதார் நிலை அந்நாட்டில் உயர்ந்த காலங்களிலெல்லாம் அஃது உயர்ந்தது பலர் ஒன்றுகூடியமையாலேயே. இதற்கு மூன்று சான்று தருவாம்.

1955 டிசம்பரில் அலபாமா மாகாணத்து மாண்ட்கோமரி நகரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோஸா பார்க்ஸ் அம்மையார் கைது செய்யப்பட்டார். கறுப்பு மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாதிருந்தனர். அவர்களுட் பலர்க்குக் கார் இல்லை. வேலையோ நகரின் மறுகோடியில். பலர் நடந்தே சென்றனர். ஏறத்தாழ 300 கார்கள் குறித்த இடங்களிற் காத்திருந்து மக்களை ஏற்றிச் சென்றன. திருச்சபைகள் பெரிய வண்டிகளை வாங்கித் தந்தன. நகரத்தார் வழக்குத் தொடுத்து அவ்வேற்பாட்டைக் குலைக்க முயன்றனர். ஆயினும் 1956 நவம்பரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு மக்கள் பக்கமே வந்தது. இகழ்ச்சியோடு ஏறுவதினும் மானத்தோடு நடப்பது மேலென அவர் நடந்து காட்டினர்.

1978 ஜூலை மாதத்தில் டென்வர் நகரில், சக்கர நாற்காலியில் இயங்கும் பத்தொன்பதின்மர் ஒரு நாற்சந்தியில் பஸ்களை மறித்து இரவு முழுதும் அங்கேயே தங்கினர். ஏறுதற்கு ஏந்துபலகை இல்லாத பஸ் தமக்குப் பொதுவண்டியன்று என்பதே அவர்தம் முறையீடு. அப்போராட்டம் நாடெங்கும் பரந்தது. 1990இல் இயற்றப்பட்ட ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின்படி, புதிய பஸ்கள் யாவும் அவர்கள் ஏறத்தக்கனவாதல் வேண்டும். அவற்றிலும் ஏற இயலாதார்க்குப் பஸ் வழியினின்று முக்கால் மைலுக்குள் தனி வண்டி விடுதலும் வேண்டும். நடைபாதையின் விளிம்பைச் சரிவாக்கியது நாற்காலியோர்க்காக. இன்று குழந்தை வண்டி தள்ளும் தாயும், பெட்டி இழுக்கும் மாணவனும் அச்சரிவினாற் பயன்பெறுகின்றனர்.

மூன்றாவது சான்று நம் போன்ற மாணவர்க்கு மிக அணித்தானது. கலிபோர்னியா மாகாணத்து டேவிஸ் என்னும் சிற்றூரிற் பல்கலைக்கழகம் வளர்ந்தபோது, சைக்கிளுக்குச் சாலையில் தனித்தடம் வேண்டுமென அவ்வூரார் கேட்டனர். 1966ஆம் ஆண்டு நகரசபைத் தேர்தலில் அதுவே பெரிய வினாவாயிற்று. 1967இல் அந்நாட்டின் முதற் சைக்கிள் தடங்கள் அங்கே வரையப்பட்டன. மறு ஆண்டில் மாணவர் சங்கத்தார் இலண்டன் நகரின் பழைய இரட்டைத்தட்டுப் பஸ் இரண்டினை வாங்கித் தாமே ஓட்டத் தொடங்கினர். யூனிட்ரான்ஸ் எனப் பெயரிய அவ்வேற்பாட்டில் இன்றும் ஓட்டுநர் மாணவரே. ஏறுவோரோ ஊரார் அனைவரும். ஊர் கூடினால் தேர் ஓடும் என்னும் நம் பழமொழி கடல் கடந்தும் பொய்க்கவில்லை.

காற்று இப்பொழுது திசைமாறத் தொடங்கியிருக்கிறது. கட்டடந்தோறும் கார் நிறுத்துமிடம் வேண்டுமென்ற கட்டாய விதியைப் பபலோ நகரத்தார் 2017இல் நீக்கினர். வேறு நகரங்களும் பின்தொடர்ந்தன. கலிபோர்னியாவில் 2023 முதல், இடர் விளையாதவாறு சாலை கடப்போனுக்குத் தண்டம் இல்லை. பிறவியிலேயே பார்வைக் குறையுடைய ஆன்னா ஸிவார்ட்ஸ் அம்மையார் வாஷிங்டன் மாகாணத்தில் 2021இல் ஒரு வாரத்தை வகுத்து, அவ்வாரம் முழுதும் காரோட்டாது இயங்குமாறு சட்டசபையாரையும் அதிகாரிகளையும் அழைத்தார். சாலை வகுப்போன் ஒருமுறை அச்சாலையோரத்தே நடந்தாற்போதும். ஆயிரம் விண்ணப்பம் எழுதிக் காட்டவொண்ணாததை அந்நடை காட்டும். இவ்வழக்கம் பின்னர் நாடெங்கும் பரவிற்று.

மாணவ நண்பர்களே! அயலூரில் காரில்லாது நிற்கும் நாளில் உங்களை நீங்களே தாழ்வாக எண்ணற்க. நீங்கள் நிற்கும் அந்தப் பஸ் நிலையத்தில் உடன் நிற்போர் யாரென நோக்குக: உணவுச்சாலையிற் பாத்திரம் துலக்குவோர், முதியோர், சக்கர நாற்காலியர், பள்ளிப் பிள்ளைகள். அவர்தம் குறையும் உங்கள் குறையும் ஒன்றே. நாளை கார் வாங்கும் வசதி வாய்க்கும்போதும் அவர்களை மறவற்க. நகரசபைக் கூட்டங்களில் எவரும் எழுந்து பேசலாம். பஸ் நிலையத்திற்கு நிழலும், அருகிற் கடக்குமிடமும், ஞாயிற்றுக்கிழமைப் பஸ்ஸும் வேண்டுமென அங்கே கேட்க.

அந்நாட்டில் வாழும் பழைய மாணவரை நாம் வேண்டிக்கொள்வது ஒன்று. நீங்கள் பயின்ற ஊரில் எவ்வழியிற் பஸ் உண்டு, எப்பகுதியில் வீடு கொண்டால் காரின்றி வாழலாம், எச்சாலை நடப்பதற்கு அஞ்சத்தக்கது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி நம் கல்லூரிக்கு அனுப்புக. ஊருக்கு ஒரு பக்கமாகத் தொகுத்து வைப்பின், பின்வரும் இளையோர்க்கு அது நல்ல கைவிளக்காகும். பட்டமும் பரிசும் பெற்ற செய்தியைப் போலவே, வழியறிந்த செய்தியும் இவ்வேட்டில் இடம்பெறத் தக்கதேயாம்.